கையெழுத்து மறுத்தால் உயிர் திரும்பிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த உடல் உறுப்பு தானக் கட்டுரை, மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தார் தானத்துக்கு மறுப்பதற்குக் காரணம் அறியாமையும் மூடநம்பிக்கையும்தான் என்று சொல்லி முடிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மறுப்பவர்களில் பலர் கேட்கும் கேள்வி மிகத் தெளிவானது: "நாங்க வேண்டாம்னு சொன்னா, மறுபடியும் வைத்தியம் பார்ப்பீங்களா?" இதற்கு நேரான பதில் நம் சட்டங்களிலேயே இல்லை.

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை, அதாவது மூச்சை நடத்தும் மூளையின் அடிப்பகுதி நிரந்தரமாகச் செத்து, வென்டிலேட்டர் துணையால் மட்டும் இதயம் துடிக்கும் மூளைச்சாவு நிலையை, மரணமாக ஏற்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ, உயிர் இருப்பதற்கான தடயங்கள் எல்லாம் நிரந்தரமாக மறைந்தால்தான் மரணம் என்கிறது. அரசாணைகள் எத்தனை வந்தாலும் நடைமுறையில் நடப்பது இதுதான். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், இரண்டு முறை செய்யும் மூளைச்சாவுப் பரிசோதனையில் இரண்டாவது முடிந்த நேரம் இறந்த நேரமாகிறது. போடாவிட்டால் அதே ஆள், அதே படுக்கையில், சிகிச்சையில் இருக்கும் நோயாளி. வென்டிலேட்டர் ஓடும், மருந்துச் சீட்டு வரும், பில் ஏறும். சில நாளில் இதயம் தானாக நின்ற பிறகு சான்றிதழில் வேறொரு நேரம் எழுதப்படும். இதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் உறவினர், "உறுப்புக்காகத்தான் செத்துட்டார்னு சொன்னாங்க" என்று நினைத்தால் அதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது?

பரிசோதனையில் குறை சொல்ல இடமில்லை, ஒழுங்காகச் செய்தால். மூளை ஏன் இந்த நிலைக்கு வந்தது என்பது முதலில் ஸ்கேனில் தெரிந்திருக்க வேண்டும். தூக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் உடம்பில் மிச்சம் இருக்கக் கூடாது. உடல் சூடு 35 டிகிரிக்குக் கீழே இருந்தாலோ, ரத்த அழுத்தம், சோடியம், சர்க்கரை தாறுமாறாக இருந்தாலோ பரிசோதனையைத் தொடங்கவே கூடாது. கட்டுவிரியன் கடித்தவர் கண்மணி விரிந்து, மூச்சில்லாமல், மூளைச்சாவு போலவே கிடந்து, பிறகு எழுந்து வீட்டுக்குப் போனது உண்டு. காரணம் தெரியாமல் தொடங்கக் கூடாது என்பது அதனால்தான்.

பிறகு மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கண்ணில் வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்குகிறதா, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை மூடுகிறதா, காதுக்குள் 50 மில்லி ஐஸ் தண்ணீரை மெல்லச் செலுத்தினால் கண் நகர்கிறதா, தொண்டைக் குழாய் வழியாகச் சளியை உறிஞ்சும்போது இருமல் வருகிறதா என்று. கடைசியாக மூச்சுச் சோதனை. பத்து நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றுவார்கள். மெல்லிய குழாய் வழியாக ஆக்சிஜன் மட்டும் போய்க்கொண்டிருக்கும். எட்டு முதல் பத்து நிமிடம் நெஞ்சையும் வயிற்றையும் விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மி.மீ.யைத் தொட்டும், அல்லது இருந்த அளவிலிருந்து 20 கூடியும், ஒரு மூச்சுகூட வரவில்லை என்றால் மூச்சு மையம் செத்துவிட்டது என்று பொருள். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவைச் சேர்ந்த யாரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது.

அந்த இரண்டாவது மூச்சுச் சோதனையைக் குடும்பத்தில் ஒருவர், விருப்பம் இருந்தால், அருகில் நின்று பார்க்க விட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு செய்துவிட்டு வெளியே வந்து ஆங்கிலத்தில் விளக்குவதைவிட அது மேல். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். முதுகுத்தண்டு உயிரோடு இருப்பதால் விரல் துடிக்கலாம், அபூர்வமாகக் கை மேலே எழும்பி நெஞ்சில் வந்து விழலாம். "கை அசைஞ்சதே!" என்ற அலறலுக்குப் பிறகு யார் என்ன விளக்கினாலும் எடுபடாது.

உண்மையான அறச்சிக்கல் அந்த ஆறு மணி நேர இடைவெளியில்தான் இருக்கிறது. மூளை செத்ததும் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் நின்றுபோகும். மணிக்கு 300, 400 மில்லி என்று சிறுநீர் கொட்டும், சோடியம் ஏறும், ரத்த அழுத்தம் விழும். சோடியம் 155க்கு மேல் போனால் கல்லீரல் பெறுபவருக்குச் சரியாக வேலை செய்யாமல் போகும் ஆபத்து கூடும். அதனால் மேல் ரத்த அழுத்தம் 100க்கு மேல், சிறுநீர் மணிக்கு 100 மில்லிக்குக் குறையாமல், ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ.க்கு மேல் என்று கணக்கு வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இது எந்த நோயாளிக்கும் செய்கிற வேலைதான், தவறில்லை. ஆனால் முதல் பரிசோதனை முடிந்த கையோடு, குடும்பத்திடம் வாயே திறக்காமல், யாருக்குப் பொருந்தும் என்று பார்க்க ரத்தம் எடுத்து அனுப்புவது தவறு. அவசரம் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

தானம் பற்றிய பேச்சை யார் எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரோடு கலந்து, தானம் செய்யலாம் என்பதைக் குடும்பத்திடம் தெரிவிப்பதை மருத்துவமனையின் கடமையாக்கியது. சாவுச் செய்தியும் தானக் கேள்வியும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வரக் கூடாது. பில் பாக்கியும் அதே வராந்தாவில் பேசப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். 2018இல் தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கிய கேரளத்துக்காரர் ஒருவரின் உறுப்புகள், கட்டணத்துக்கு ஈடாக எடுக்கப்பட்டன என்ற புகார் எழுந்து, கேரள முதல்வர் நம் முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. தானத்துக்குப் பிந்தைய செலவு எதுவும் குடும்பத்தின் தலையில் விழக் கூடாது என்று அதே சட்டத்தின் 2014 விதிகள் சொல்கின்றன. அதோடு நிற்காமல், இரண்டாவது பரிசோதனை முடிந்த நிமிடத்தோடு பில் கணக்கை மூடிவிட வேண்டும். தானம் கொடுத்தாலும் சரி, மறுத்தாலும் சரி. இல்லையென்றால் சம்மதத்துக்கு ஒரு விலை ஒட்டிக்கொள்கிறது. உறுப்பு வாங்கி விற்றால் பத்தாண்டு வரை சிறை என்று சட்டம் வைத்திருக்கும் நாட்டில் இந்த விலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தான அட்டை பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னால், அவர்களில் ஒருவர் நெருங்கிய உறவினராக இருந்து, எழுதிக் கொடுத்திருந்தால் சட்டப்படி அது செல்லும். ஆனாலும் குடும்பம் மறுத்தால் எந்த மருத்துவரும் கத்தியை எடுக்க மாட்டார். எடுக்காமல் இருப்பதுதான் சரி என்பேன். பர்ஸில் அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் வீட்டில் சொல்லி வைக்கட்டும்.

கேரளம் 2020இல், தானம் உண்டோ இல்லையோ மூளைச்சாவை அறிவிக்கலாம், அறிவித்தபின் வென்டிலேட்டரை எடுக்கலாம் என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. 2008லேயே மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டத்தைத் தொடங்கி, 2023இலிருந்து தானம் தந்தவர்களுக்கு அரசு மரியாதையும் செய்யும் தமிழ்நாடு இதில் பின்தங்கி நிற்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி அறிவித்தால் முதலில் சம்மதம் குறையலாம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். குறைந்தாலும் செய்ய வேண்டியதுதான்.

கட்டுரையில் ஒரு திருத்தம். கண்தானத்துக்கு மூளைச்சாவு தேவையில்லை. வீட்டில் இறந்தவரிடமிருந்தும் ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்கலாம். கண் வங்கிக்குப் போன் செய்துவிட்டு, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்கு ஒரு தலையணை கொடுங்கள். சர்க்கரை நோயோ கண்புரை அறுவையோ தடையில்லை. ரேபிஸ், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமித் தொற்று இருந்தால் எடுக்க மாட்டார்கள். முழு உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்தவர்களின் கண்ணையும் எடுக்கலாம். ஆனால் வயிற்று உறுப்புகள் எடுத்த உடலை உடற்கூறியல் துறை பொதுவாக ஏற்பதில்லை. இரண்டையும் எழுதி வைத்தவர்கள் எது முதல் என்பதையும் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர்,
மதுரை.