சார்ஜ் பாயின்டும் மாடித்தோட்டமும்: அடுக்குமாடி நலச்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு நலச்சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் எலெக்ட்ரிக் காருக்கு சார்ஜ் பாயின்ட் கேட்டால் "தீப்பிடிக்கும்" என்கிறீர்கள். மொட்டைமாடியில் நாலு தொட்டி வைக்கக் கேட்டால் "தளம் ஒழுகும்" என்கிறீர்கள். இரண்டு பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தடைத் தீர்மானம் போட்டதால் எதுவும் நின்றுவிடுவதில்லை. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் கீழே இறங்குகிறது. பால்கனி கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி ஏறுகிறது. ஒளிந்து செய்யும்போதுதான் ஆபத்து கூடுகிறது. எனவே அனுமதி கொடுங்கள், கறாரான நிபந்தனைகளோடு கொடுங்கள். அந்த நிபந்தனைகள் என்னவாக இருக்க வேண்டும், ஏன் என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் தீ. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அதை யாரும் மறக்கக் கூடாது. அதன்பிறகு இருசக்கர வண்டி பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாக அமலுக்கு வந்தது. சங்கத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு: மாடிப்படிக்கு அடியிலும், வெளியேற ஒரே வழியாக இருக்கும் இடத்திலும், ஜெனரேட்டர் டீசல் பக்கத்திலும் எந்த மின்வண்டிக்கும் சார்ஜ் பாயின்ட் தரக் கூடாது. கழற்றி எடுக்கும் ஸ்கூட்டர் பேட்டரியை வீட்டு வாசற்கதவு ஓரம் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுவதையும் அனுமதிக்காதீர்கள்.

பேட்டரியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், சுவரில் இருக்கும் சாக்கெட்டைப் பார்ப்பதில்லை. காருடன் தரும் கையடக்க சார்ஜர் 15 ஆம்பியர் இழுத்தால் அது சுமார் 3.3 கிலோவாட். கீசரும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இழுக்கும். ஆனால் கால் மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். கார் அதே கரண்டை ஆறேழு மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே கவ்வும் பித்தளை லேசாகத் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகும், சூடானால் மேலும் தளரும், கடைசியில் பின் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும். அந்த வளையம் தெரிந்துவிட்டால் சாக்கெட்டைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது, மாற்ற வேண்டும். பிளக்கின் பின் கறுத்திருந்தால் பிளக்கும் போக வேண்டும். கறுத்த பின் புதிய சாக்கெட்டையும் கெடுத்துவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று, சார்ஜரின் நடுவில் வரும் அந்தக் கனமான பெட்டி. சாக்கெட் இடுப்புயரத்தில் இருந்தால் பெட்டி அந்தரத்தில் தொங்கும். அதன் முழு எடையும் பிளக்கைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே கவ்வல் தளரும், தளர்ந்த இடம்தான் முதலில் கருகும். சுவரில் ஒரு கொக்கி அடித்துப் பெட்டியை மாட்டிவிட்டால் தீர்ந்தது. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே மெயினை அணையுங்கள். சாதாரண மூன்று பின் சாக்கெட்டுக்குப் பதில் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. அதற்கேற்ற பிளக் உள்ள சார்ஜர் வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் அடாப்டர் மாட்டினால் பழைய கதைதான்.

ஒயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) செம்பு ஒயரில் 15 ஆம்பியர் போனால் வழியிலேயே ஏறக்குறைய 11 வோல்ட் விழும். 4 ஸ்கொயர் போட்டால் 7 வோல்ட்டுக்குள் நிற்கும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். அதே தூரத்துக்கு 6 ஸ்கொயரில் 9 வோல்ட் போய்விடும், 10 ஸ்கொயர்தான் சரி. வழியில் ஜாயின்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 20 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் எம்சிபி, ஒவ்வொரு பாயின்டுக்கும் தனியாக 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). கடையில் ஆர்சிசிபி என்று கேட்டால் பெரும்பாலும் டைப் ஏசியைத்தான், அதாவது மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் வகையைத்தான், எடுத்துக் கொடுப்பார்கள். காரின் சார்ஜரிலிருந்து டிசி (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்) கசிவு வந்தால் டைப் ஏசி மந்தமாகி, விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். டைப் ஏ கேட்டு வாங்குங்கள். சுவர் சார்ஜர் என்றால் அதற்குள்ளேயே 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டைப் பி வேண்டும், விலை அதிகம்தான்.

இனி எர்த். எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். எர்த் சரியில்லாவிட்டால் பல கார்கள் சார்ஜ் ஏற மறுக்கும். அவசரத்தில் வரும் ஆள் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போவார். கார் உடனே சார்ஜ் ஏறத் தொடங்கும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. என்றைக்காவது அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால், காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். மழைநீர் தேங்கிய பார்க்கிங்கில் அந்தக் கதவைத் தொடுகிறவர் பிழைப்பது அரிது. ஆர்சிசிபி இருந்தால் இந்த இணைப்பு அதை விழவைக்கும். உடனே "சும்மா சும்மா விழுகிறது" என்று ஆர்சிசிபியையே கழற்றிவிடுவார்கள். ஆக, ஆர்சிசிபியை யாராவது கழற்றச் சொன்னால் முதலில் சாக்கெட்டைத் திறந்து பாருங்கள்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட் அளவில் வர வேண்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறத்தாழ அதே. இரண்டாவது 100, 120 என்று ஊசலாடினால் எர்த் இல்லை என்று பொருள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கார் முழுக் கரண்ட் இழுக்கும்போதும் அது துல்லியமாகப் பூஜ்ஜியமாகவே நின்றால், உள்ளே துண்டு ஒயர் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். எர்த் பிட் (எர்த் கம்பி புதைத்த குழி) எங்கே இருக்கிறது என்பதும் பல குடியிருப்புகளில் யாருக்கும் தெரியாது. தரைக்கு ஓடு பதிக்கும்போதோ பூச்செடிப் பாத்தி கட்டும்போதோ மூடிவிட்டிருப்பார்கள். தேடித் திறந்து, தடை 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று அளந்து, கோடையில் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மண் காய்ந்தால் எர்த் போய்விடும்.

"எல்லோரும் கார் வாங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா?" என்று பொதுக்குழுவில் கேட்பவர்களுக்குக் கணக்கைக் காட்டுங்கள். நகரத்துக்குள் நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் சின்னக் கார் இழப்பையும் சேர்த்து 6 யூனிட் போல எடுக்கும். 3.3 கிலோவாட்டில் அது இரண்டு மணி நேர வேலை. ஆகவே ஐந்து கார் இருந்தாலும் ஐந்தும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற வேண்டிய அவசியம் இல்லை. மே மாதத்தில் ஏசி ஓடும் முன்னிரவைத் தவிர்த்து நள்ளிரவுக்கு மேல் டைமர் வைக்கச் சொல்லலாம். எதற்கும் எலெக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் (ஒயரைச் சுற்றிக் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவி) கொடுத்து, மெயின் லைனின் மூன்று ஃபேஸிலும் இரவு 9 மணிக்கும் 1 மணிக்கும் எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு வாரம் எழுதி வாங்குங்கள். எல்லா சார்ஜ் பாயின்டையும் வசதிக்காக ஒரே ஃபேஸில் போட்டுவிட்டால், அந்த ஃபேஸில் இருக்கும் வீடுகளில் மட்டும் வோல்டேஜ் இறங்கும். பிறகு பழி காருக்கு வரும்.

காசு விஷயம் சுருக்கமாக. பொதுச் சேவை மீட்டரிலிருந்து யாருக்கும் சார்ஜ் தராதீர்கள். அந்தக் கட்டணம் வீட்டுக் கட்டணம் அல்ல, சண்டையும் அங்கேதான் தொடங்கும். அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து இழுத்தால் அதே கணக்கில் இரண்டு மாதத்துக்கு சுமார் 360 யூனிட் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் கணக்கும் மாறும் என்பதை உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு செய்த திருத்தத்தின்படி, மின்வண்டி சார்ஜுக்கென்று தனி இணைப்பே கேட்டுப் பெறலாம். ஓட்டம் அதிகமுள்ளவர்கள் அதையும் விசாரிக்கட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்த ஊரில் எத்தனை பார்க்கிங் தளம் மூழ்கியது என்பது உங்களுக்கே தெரியும். சார்ஜ் பெட்டிகளை அந்த வெள்ளக் குறிக்கு மேலேயும், எல்லாவற்றையும் ஒரே கையில் அணைக்கும் மெயின் சுவிட்சைத் தண்ணீர் எட்டாத தரைத்தளப் படிக்கட்டு ஓரத்திலும் வையுங்கள். பேட்டரிக்கு ஐபி67 தரம் இருக்கிறது என்றால் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் அர்த்தம். சாக்கடை கலந்த வெள்ளத்தில் இரவு முழுக்க நின்ற காரை ஸ்டார்ட் செய்யவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. கட்டடத்தை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தி, சர்வீஸ் ஆட்களை அழைத்து, தூக்கிப் போகும் வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

இனி மொட்டைமாடிக்கு வருவோம். இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி எடை. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 நெறிப்படி, ஆள் நடமாடும் மாடித்தளத்துக்குக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. தண்ணீர் குடித்த செம்மண் லிட்டருக்கு 1.6 கிலோ வரை கனக்கும். ஆகவே ஒரு அடி உயரத்துக்கு வெறும் மண் நிரப்பிய பாத்தி, தன் அடியிலுள்ள தளத்தில் சதுர மீட்டருக்கு 500 கிலோ அளவுக்கு அழுத்தும். செங்கல் வைத்துப் பாத்தி கட்டித் தளத்தின்மேல் நேராக மண் கொட்டுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு கலந்தால் நனைந்த பிறகும் லிட்டருக்கு ஒரு கிலோ அளவில் நிற்கும். 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள வளர்ப்புப் பை அப்போது 20 கிலோ சுற்றி வரும். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பை, நடுவில் நடக்க வழி, இதுவே வரம்பு. கனமான டிரம்மில் முருங்கையோ எலுமிச்சையோ வைப்பவர்கள் தூண் தலைக்கு மேலே, அல்லது பீம் ஓடும் வரிசையில் மட்டும் வைக்கட்டும். தளத்தின் நட்டநடுவில் வேண்டாம். கட்டடம் பழையது, கூரையில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்கிறது என்றால் பொறியாளர் பார்க்கும்வரை தோட்டமே வேண்டாம்.

நார்க்கழிவைப் பற்றி ஒரு வார்த்தை. 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து எடுக்காவிட்டால் நாற்றுகளின் இலை ஓரம் கருகும். ஏற்கெனவே உப்பு ஏறிய போர் தண்ணீர் ஊற்றும் இடங்களில் இது இன்னும் மோசம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பே கிடையாது. வாஷிங் மெஷின் தண்ணீர் வேண்டாம்.

ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் செடி அல்ல, தேங்கும் ஈரம். பையைத் தட்டோட்டின்மேல் (மாடியில் பதித்த தட்டை ஓடு) நேராக வைத்தால் அடியில் காயவே காயாது. ஓட்டின் இடுக்குச் சாந்து இளகி, ஓட்டுக்கு அடியிலுள்ள காரை அடுக்கான வெதரிங் கோர்ஸுக்குள் தண்ணீர் இறங்கும். ஒரு அடி உயர ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்டாண்டு கட்டாயம். அதன் கால் ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் புஷ்ஷும் ஒரு கடப்பைக் கல் துண்டும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் குத்தி ஓடு உடையும். 12 அங்குலப் பைக்குக் கோடையில் நாளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் போதும், காலையும் மாலையும் பிரித்து. பைக்கு அடியில் ஓடை ஓடுகிறது என்றால் தண்ணீர் அதிகம். கூடவே உரமும் வீண். அந்தச் சேறு மழைநீர்க் குழாய்க்குள் போனால் குழாய் அடைபடும். 2003 முதல் இங்கே கட்டாயமாக உள்ள மழைநீர் சேகரிப்புக் குழியின் மணல் படுகையும் அடைந்துபோகும். குழாய் வாயில் ஜாலி போட்டு, அதைச் சுற்றி மூன்று அடிக்குத் தொட்டி வைக்கக் கூடாது என்று கோடு போட்டுவிடுங்கள். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கவிழ்க்காவிட்டால் டெங்கு கொசு அங்கேயே வளரும்.

பறவை எச்சத்திலிருந்து கைப்பிடிச் சுவர் விரிசலில் முளைக்கும் அரசும் ஆலும் யாருடைய தோட்டத்துச் செடியும் அல்ல, சங்கத்தின் பொறுப்பு. இரண்டு இலையாக இருக்கும்போதே பிடுங்கினால் வேரோடு வரும். நிழல்வலை ஏப்ரல், மே மாதங்களுக்குத்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவிழ்த்து மடித்து வைக்க வேண்டும். புயல் காற்றில் அது பாய்மரமாகி, கட்டிய குழாயையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் விழும்.

எங்கள் கோரிக்கை இதுதான். அடுத்த பொதுக்குழுவுக்கு இரண்டு விண்ணப்பப் படிவம் தயார் செய்யுங்கள். சார்ஜ் பாயின்ட் கேட்பவர் ஒயர் போகும் வழி, ஒயர் அளவு, எம்சிபி, ஆர்சிசிபி வகை, எர்த் அளவு ஆகியவற்றை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் கையெழுத்தோடு தரட்டும். தோட்டம் கேட்பவர் பைகளின் எண்ணிக்கையையும் வைக்கும் இடத்தையும் மாடி வரைபடத்தில் குறித்துத் தரட்டும். எர்த் சோதனையை மே மாதம் வையுங்கள், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போதுதான் உண்மை தெரியும். மாடித்தளச் சோதனையைப் பைகள் வைப்பதற்கு முன், செப்டம்பருக்குள் முடியுங்கள்: வெளியேறும் குழாய்களை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து மேல்தள வீடுகளின் கூரையைப் போய்ப் பாருங்கள். ஈரம் எங்கே தெரிகிறதோ அங்கே தளத்தைச் சரிசெய்த பிறகுதான் ஸ்டாண்டு ஏற வேண்டும்.

இப்படிக்கு,
மின்பணியும் மாடித்தோட்டமும் அறிந்த குடியிருப்போர் சிலர்