பதினான்காம் பிரிவு

கோயம்புத்தூர்,
10.8.2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மூன்றாண்டு வேலை செய்வதாக ஒப்புக்கொண்டு, அது முடியுமுன்னே விலகிய அதிகாரியிடம் விஜயா வங்கி வாங்கிய இரண்டு லட்ச ரூபாய் செல்லும் என்று மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சொல்லி, "ஊழியர் பாதியில் போனால் பணம் கட்ட வேண்டும் என்றால், உன்னைப் பாதியில் அனுப்பிய ஆலை மீதிச் சம்பளத்தை எண்ணி வைக்க வேண்டாமா?" என்று கேட்டிருந்தாய். நானும் அந்த நம்பிக்கையில்தான் வழக்குத் தொடுத்தேன்.

கணக்கு எளிதாகத்தான் தெரிந்தது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலை மேலாளராக மூன்றாண்டுக்கு ஒப்பந்தம். மாதச் சம்பளம் 85,000 ரூபாய். பதினான்காம் மாதக் கடைசியில், "செயல்பாடு திருப்தியளிக்கவில்லை" என்ற இரண்டு வரிக் கடிதத்தோடு என்னை அனுப்பிவிட்டார்கள். மீதி 22 மாதத்துக்கு 18,70,000 ரூபாய். மூன்று விழுக்காடு நீதிமன்றக் கட்டணமாக 56,100 ரூபாய் கட்டினேன். அந்தத் தொகையை வங்கியிலிருந்து எடுத்த நாளில் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

தொழிலாளர் நீதிமன்றத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்பாய். மேலாளராக நிர்வாகம் பார்த்தவன், என்னை அனுப்பியபோது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி 'தொழிலாளர்' ஆக மாட்டான். முப்பது ஆண்டுகள் நூற்பாலையில் எந்திரச் சத்தத்தோடு வாழ்ந்தவனுக்கு இதைக் கேட்கச் சிரிப்புத்தான் வந்தது. உரிமையியல் நீதிமன்றமோ தனிப்பட்ட திறமையை நம்பிச் செய்துகொண்ட பணி ஒப்பந்தத்தைத் தொடரும்படி எவரையும் கட்டாயப்படுத்தாது. எனவே வேலை திரும்பக் கிடைக்காது, இழப்பீடு மட்டுமே கேட்கலாம்.

அந்த இழப்பீட்டில்தான் சிக்கல். வழக்கறிஞர் என் ஒப்பந்தத்தை வாங்கியதும் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. இருபது ரூபாய் முத்திரைத்தாளை அப்படியே ஒதுக்கிவிட்டுக் கடைசித் தாளுக்குப் போனார். பதினான்காம் பிரிவின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். 'இரு தரப்பில் எவரும் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தோ, அதற்கான சம்பளத்தைக் கொடுத்தோ இவ்வொப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்' என்று அங்கே இருந்தது. அதன் கீழே என் கையெழுத்து, அதுவும் நான் பெருமையோடு போடும் நீண்ட கையெழுத்து. இத்தகைய பிரிவு இருந்தால், பணிநீக்கம் தவறாகவே இருந்தாலும், முன்னறிவிப்புக் காலச் சம்பளமே பெரும்பாலும் இழப்பீடாகக் கிடைக்கும் என்பது 1957ஆம் ஆண்டிலிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை என்றார்.

ஆனாலும் வழக்கு முற்றிலும் சாகவில்லை. ஆலை முன்னறிவிப்பும் தரவில்லை, ஒரு மாதச் சம்பளமும் தரவில்லை; என்மீது குறை சொல்லி அனுப்பியது. குறை சொல்லி நீக்க வேண்டுமானால், முதலில் எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் பிரிவு சொல்கிறது. இதை வைத்தே எங்கள் தரப்பு வாதாடுகிறது. பணம் குறைந்தாலும் போகட்டும், அந்த 'திருப்தியளிக்கவில்லை' என்ற சொற்கள் தவறானவை என்று தீர்ப்பில் வந்தால் போதும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. வழக்கறிஞர் இதை உணர்ச்சிவசம் என்கிறார். நான் வேறு வேலை தேடியதற்கான கடிதங்களையும் பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கிறார், நஷ்டத்தைக் குறைக்க முயன்றதைக் காட்ட வேண்டுமாம். இராஜபாளையத்தில் இரண்டு மாதம் ஆலோசகராக இருந்து பெற்ற தொகையும் கணக்கில் கழிந்துவிடும்.

நம் தொழிலிலேயே 1967இல் இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கு வந்தது. மும்பையை அடுத்த கல்யாணில், டயருக்குள் வலுவுக்காக வைக்கும் டயர் கார்டு நூல் தயாரித்த செஞ்சுரி ஆலையில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த ஷிப்டு மேற்பார்வையாளர், பாதியில் விலகி இராஜஸ்தான் ஆலை ஒன்றில் கூடுதல் சம்பளத்துக்குச் சேர்ந்தார். எஞ்சிய காலம் முடியும்வரை அதே வேலையை வேறெங்கும் செய்யக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே ஐந்தாண்டு என்றால் ஐந்தாண்டுதான். என் ஒப்பந்தத்திலோ மூன்றாண்டு என்பது இரண்டாம் பக்கத்தில் மட்டும் இருந்தது.

அடுத்த விசாரணை செப்டம்பர் மூன்றாம் வாரத்தில். உனக்குப் பொறியியல் கல்லூரியில் இரண்டாண்டுப் பணி தருவதாக எழுதியிருந்தாயே, அந்த ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், கடைசி இரண்டு தாள்களை நகலெடுத்து எனக்கு அனுப்பு. வழக்கறிஞரிடம் காட்டுகிறேன்; அவர் பென்சில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்