மனச்சிதைவு நோய்க்கு எதிர்ப்பு சக்திப் பொடியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. மனச்சிதைவு நோய்க்கும் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்களாம், அதனால் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடியை இரண்டு வேளை பாலில் கலந்து குடித்தால் மாத்திரையே வேண்டாமாம். எங்கள் தெருவில் ஒரு அம்மா இதை நம்பி மகனுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரங்களில் பையனுக்குத் தூக்கம் போனது, சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறீர்கள் என்று தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தான், கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது.

தொடர்பு இருப்பது உண்மைதான். 2014-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வில், மரபணுத் தொகுப்பில் உள்ள 108 இடங்கள் இந்த நோயோடு சம்பந்தப்பட்டவையாகத் தெரியவந்தன. அவற்றில் மிக வலுவானது ஆறாவது குரோமோசோமில், நோய் எதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கமாக இருக்கும் பகுதி. 2016-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அந்தப் பகுதியைத் துருவிப் பார்த்து சி4 என்ற மரபணுவைக் கண்டுகொண்டார்கள். வளரும் வயதில் மூளை வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்துவிடும், செடியைக் கவாத்து செய்வதுபோல. எதைக் கழிப்பது என்று அடையாளம் வைப்பதில் சி4 புரதத்துக்குப் பங்கு உண்டு. அந்தப் புரதம் கூடுதலாக உருவாகும் உடல்வாகு உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அவர்களிலும் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை.

இதில் எதிர்ப்பு சக்தி குறைந்துபோனது எங்கே வருகிறது? அது மூளையில் அளவுக்கு மீறி வேலை செய்கிறதோ என்பதுதானே ஆய்வாளர்களின் சந்தேகம்! மூளை அழற்சியைத் தணிக்கும் என்று எதிர்பார்த்த மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தையே முறைப்படி சோதித்து, பலனில்லை என்று 2018-ல் இங்கிலாந்தில் அறிவித்தார்கள். சோதனையே நடக்காத பொடியை எப்படி நம்புவது?

என் தம்பி இதே நோய்க்குக் குளோசபின் என்ற மாத்திரை சாப்பிடுகிறான். அது சிலருக்கு ரத்த வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால், ஆரம்பத்தில் வாராவாரம், அப்புறம் மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரைதான் எதிர்ப்பு சக்தியைக் கெடுக்கிறது என்று பொடி விற்பவர் என்னிடமே வாதாடினார். எண்ணிக்கை இறங்கினால் டாக்டர் உடனே மருந்தை நிறுத்துவதற்காகத்தான் அந்தப் பரிசோதனையே. தம்பியின் காதில் கேட்ட குரல்கள் அடங்கியது அந்த மாத்திரையால்தான்.

எதிர்ப்பு மண்டலமே நேரடியாக மூளையைத் தாக்கும் நோய் ஒன்றும் இருக்கிறது (ஆன்டி-என்எம்டிஏ ரிசெப்டார் என்செபலைடிஸ் என்பார்கள்), வீடியோவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2007-ல் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவர் குழு அதை விவரித்தது. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும். நன்றாக இருந்த பெண் சில நாட்களிலேயே சம்பந்தமில்லாமல் பேசுவாள், பயப்படுவாள், பார்ப்பவர்கள் மனநோய் என்றோ பேய் பிடித்தது என்றோ நினைப்பார்கள். ஆனால் கூடவே காய்ச்சலும் தலைவலியும் வந்திருக்கும், பிறகு வலிப்பு வரும், வாயும் முகமும் தானாக இழுக்கும், பேச்சு நின்றுபோகும். இப்படி இருந்தால் ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் சோதிக்க வேண்டும். சிலருக்குக் கருப்பைக்குப் பக்கத்தில் சினைப்பையில் உள்ள கட்டிதான் காரணம், அதை எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் கொடுத்து எதிர்ப்பு மண்டலத்தை அடக்கினால் பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள், ஆனால் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள நிமான்ஸ் ஆஸ்பத்திரி நம் ஊரிலேயே ஓசூர் ரோட்டில் இருக்கிறது.

இந்த அறிகுறிகளை உங்கள் மருத்துவப் பக்கத்தில் விரிவாகப் போடுங்கள். கூடவே 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணையும் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். மனநோயைக் குணமாக்குவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்ய 1954-ம் வருடச் சட்டமே தடை போட்டிருக்கிறது. இந்த மாதிரிப் பொடிக்காரர்கள் விளம்பரத்துக்கு வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு