கோடு போடுவதற்கு முன் கூப்பிடுங்கள்

மும்பை தாராவியின் குடிசைகளுக்குப் பதிலாகக் கட்டப்போகும் புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன மழைக்கு முன்பு எங்கள் சந்துக்கு ஒரு கலைக்குழு வந்தது. மக்கள் பங்கேற்கும் சுவரோவியம் என்றார்கள். சுவரில் மீனும் மயிலும் ஏற்கெனவே பென்சிலில் வரைந்து கிடந்தன. பிள்ளைகள் கையில் தூரிகையைக் கொடுத்து, கோட்டைத் தாண்டாமல் வண்ணம் அடிக்கச் சொன்னார்கள். பக்கத்தில் ஓர் இட்லிக் கொப்பரை வரையட்டுமா என்று கேட்டாள் என் தங்கை மகள். வேண்டாம் என்றார்கள். புகைப்படம் எடுத்தார்கள், போனார்கள். மயில் இன்னும் இருக்கிறது. மழையில் கால் மட்டும் போய்விட்டது.

வீட்டு விஷயத்திலும் அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம். 350 சதுர அடி வீடு என்கிறீர்கள். அதில் பாதிகூட இல்லாத அறையில் ஆறு பேர் படுத்தெழும் எனக்கு அது பெரிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் சாயங்காலம் கிரைண்டர் ஓடும், அதிகாலையில் நான்கு அடுப்பு எரியும், விடிவதற்குள் இட்லிப் பாத்திரங்கள் சைக்கிளில் ஏறும். பன்னிரண்டாம் மாடியில் அந்த ஆவி எந்தச் சன்னல் வழியாக வெளியேறும்? ஈர அரிசி மூட்டை லிஃப்டில் ஏறுமா? சைக்கிள் எங்கே நிற்கும்? பக்கத்து வீட்டு அக்கா வாசல்படியில்தான் முறுக்குப் பிழிகிறார். உங்கள் வரைபடத்தில் வாசல் உண்டு, படி உண்டா?

நான் கேட்பது புதிதல்ல, இதே மும்பையில் நடந்ததுதான். நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த காலம். பைகுல்லா நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பாகக் கூடி, தங்களுக்கு வேண்டிய வீட்டைத் தாங்களே வடிவமைத்தார்கள். காகிதத்தில் மட்டுமல்ல, மூங்கில் நட்டு, துணி கட்டி, முழு அளவில் மாதிரி வீடு எழுப்பி, உள்ளே நடந்து பார்த்தார்கள். கூரை 14 அடி உயரம் வேண்டும், பரண் வேண்டும் என்று அவர்கள் கேட்டது அப்படித்தான். அவர்களுக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த நம் ஜோக்கின் அற்புதம். 2000இல் மகசேசே விருது பெற்றவர். குடிசைப் பகுதிப் பொதுக் கழிப்பறைகளில் குழந்தைகளுக்குத் தனி இடம் வந்ததும் இந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசியதால்தான். வரிசையில் பெரியவர்கள் பிள்ளைகளை ஒதுக்கித் தள்ளுவார்கள் என்பது தாய்க்குத் தெரியும், வரைபலகைக்குத் தெரியாது.

ஆகவே, வரைபடத்தை முடிவு செய்வதற்கு முன், 90 அடிச் சாலைப் பக்கம் ஏதாவதொரு திடலில் அந்த 350 சதுர அடியை மூங்கிலாலும் துணியாலும் எழுப்பிக் காட்டுங்கள். நாங்கள் கிரைண்டரையும் கொப்பரையையும் தூக்கி வந்து உள்ளே வைத்துப் பார்க்கிறோம். இடித்தால் அங்கேயே சொல்கிறோம். மூங்கிலைப் பிடுங்கி நகர்த்தி நட எவ்வளவு நேரம் ஆகும்? துணிக்குக் கவலை வேண்டாம், ஆளுக்கொரு பழைய சேலை தருகிறோம்.

அதற்கு முன் ஒருமுறை எங்கள் சந்துக்கும் வாருங்கள். பகல் பதினொரு மணிக்கு வந்தால் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும். அதிகாலை நான்கு மணிக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
தாராவியில் இட்லி விற்கும் ஒரு குடும்பத்துப் பெண்