துருப்புடிச்ச போல்ட்டுக்கு வாரண்டி இல்லன்னா எப்படி சார்?

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்கு பக்கத்துல வேதாளைலேர்ந்து எழுதுறேன். உங்க கம்பெனி .177 போல்ட் ஆக்‌ஷன் பிசிபி ஏர் ரைஃபிள, அதான் சிலிண்டர்ல காத்த அடிச்சு வச்சு, போல்ட்டுங்கிற கைப்பிடித் தண்ட இழுத்துத் தள்ளி பெல்லட் ஏத்திச் சுடுறத, 17,800 ரூவா கட்டி வாங்குனேன், இன்னையோட மூணு மாசம் பத்து நாள் ஆச்சு. வாங்குறதுக்கு முன்னாடி, வாங்குனவங்க எழுதுன ரிவ்யூ ஒரு நாப்பது அம்பது உக்காந்து படிச்சேன், எல்லாரும் இந்த விலைக்கு இத அடிச்சுக்க ஆளில்லன்னுதான் எழுதியிருந்தாங்க, அத்தனை பேரும் பொட்டியப் பிரிச்ச அன்னைக்கே எழுதியிருக்காங்கங்கிறது எனக்கு இப்பத்தான் வெளங்குது.

முதல்ல நல்லத சொல்லிர்றேன். ட்ரிகர் இந்த விலைக்கு உண்மையிலேயே நல்லா இருக்கு. முதல் வாரம் கொல்லையில மண் மூட்டை அடுக்கி, பத்து மீட்டர்ல பேப்பர் ஒட்டி, என் மக சுட்டா, அஞ்சு பெல்லட்டும் ஒரு அஞ்சு ரூவா காசுக்குள்ள அடங்குச்சு. அவ பதினொண்ணாவது படிக்கிறா, நம்ம கடலூர்ல பொறந்த துப்பாக்கி சுடுற வீராங்கனை இளவேனில் வாலறிவன டிவில பாத்ததுலேர்ந்து இந்த பைத்தியம். பத்து மீட்டர் போட்டியில அந்த பத்து பாயிண்ட் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்தான்னு அவதான் எனக்கு சொல்லிக் குடுத்தா. அவ பழகத்தான் வாங்குனது, எதையும் அடிச்சுத் திங்க இல்ல.

இப்ப பிரச்னைக்கு வர்றேன். மூணாவது வாரமே போல்ட் ஓடுற பள்ளத்துல காப்பிப் பொடி தூவுன மாதிரி துரு. போல்ட்ட பின்னாடி இழுத்தா கரகரன்னு வருது, முன்னாடி தள்ளி கீழ மடக்குனா பாதியில நிக்குது, பிள்ளைக்கு ரெண்டு கையும் வேண்டியிருக்கு. கைப்பிடியப் பிடிச்சிருக்க அந்த குட்டி கிரப் ஸ்க்ரூ தானா கழண்டு ஒரு நாள் கையோட வந்துருச்சு. அதவிட மோசம் காத்து நிக்கல. ராத்திரி 180 பார் (காத்தழுத்தக் கணக்கு) அடிச்சு வச்சா வெள்ளன எந்திரிச்சுப் பாக்கைல கேஜ் 90ல நிக்குது. ஒரு ஃபில்லுக்கு அறுவது ஷாட்டுன்னு விளம்பரத்துல போட்டீங்க, எனக்கு பதினெட்டு தாண்டல. கைப்பம்புல 200 பார் அடிக்கிறது எம்புட்டு கஷ்டம்னு விளம்பரம் எழுதுனவர ஒரு தடவ அடிக்கச் சொல்லுங்க, தோள்பட்டை கழண்டுரும்.

போன் பண்ணுனா உங்க கஸ்டமர் கேர் பொண்ணு எடுத்தவுடனே, "சார் கடல் தண்ணி பட்டிருக்கும், அதுக்கு வாரண்டி வராது"ங்குது. நான் இருபத்திரண்டு வருசமா படகு இன்ஜின் மெக்கானிக். வடகடல் தென்கடல் ரெண்டு பக்கத்து வள்ளமும் என்கிட்டதான் வரும். தண்ணி பட்ட துரு எது, காத்துல வந்த துரு எதுன்னு எனக்கு நீங்க சொல்ல வேணாம். தண்ணிக்குள்ள விழுந்திருந்தா குழாய்க்கு உள்ளயும் வெளியயும் சேர்ந்து புடிச்சிருக்கும், இங்க போல்ட்டு, ஸ்க்ரூ தலை, பள்ளம் இம்புட்டுலதான் புடிச்சிருக்கு, பேரல் சுத்தமா இருக்கு, ஏன்னா பேரலுக்கு ஒழுங்கா ப்ளூயிங் போட்டிருக்கீங்க, போல்ட்டுக்கு சும்மா கறுப்பு பெயின்ட் அடிச்சு விட்டுருக்கீங்க. சொரண்டிப் பாத்தேன், செதில் செதிலா வருது. ப்ளூயிங்கே இரும்பு மேல மெல்லிசா ஏத்துற ஒரு கறுப்பு ஆக்ஸைடுதான், எண்ணெ தடவாட்டி அதுவும் தாங்காது, அப்ப பெயின்ட்டு என்னத்த தாங்கும். எங்க ஊர்ல கச்சான் காத்து அடிக்கிற மாசம் ஜன்னல் கம்பியத் தொட்டாலே கை பிசுபிசுங்கும். "எந்த வெதருக்கும் தாங்கும்"னு பொட்டியில எழுதுனது நீங்கதான சார், கடக்கரையில மனுசன் இருக்க மாட்டான்னு நெனச்சு எழுதுனீங்களா?

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப கோவம். லீக்குன்னு சொன்னதும் அந்தப் பொண்ணு காத்து ஏத்துற வாயில, அதான் ஃபில்லிங் நிப்பிள்ல, ரெண்டு சொட்டு மிஷின் ஆயில் விடுங்க, இல்லாட்டி தேங்காயெண்ணெ கூட விடலாம்னு சொல்லுச்சு. உங்க மேனுவல்லயும் மிஷின் ஆயில்னுதான் இருக்கு. 200 பார் காத்து அழுத்துற எடத்துல எண்ணெ போனா சூட்டுல பத்திக்கும் சார், டீசல் இன்ஜின் ஓடுறதே அந்த வித்தையிலதான். அங்க சிலிகான் கிரீஸத் தவிர வேற எதுவும் போகக் கூடாது. நான் மெக்கானிக், எனக்குத் தெரிஞ்சுச்சு, விடல. தெரியாத ஒருத்தர் விட்டு கன்னத்துக்கிட்ட வெடிச்சா யாரு ஜவாபு?

அப்பறம் அந்த பொட்டி. பெரிய காட்டுப்பன்னி படம், மேல கொட்டை எழுத்துல "ஹன்டிங் ரைஃபிள்". கூரியர் ஆபீஸ்லேர்ந்து பைக்ல வச்சு கொண்டாறேன், ரோட்டுல செக்கிங், பில்லும் ஆதாரும் காட்டி, இது 20 ஜூலுக்கு கீழ, லைசென்ஸ் வேண்டாத ஏர் கன்னுதான்னு வெளக்குறதுக்குள்ள ஒரு மணி நேரம் போச்சு. அவுங்கள குத்தம் சொல்ல மாட்டேன், இலங்கை பக்கத்துல இருக்கு, பாக்கத்தான் செய்வாங்க. சாயல்குடி பக்கம் கடலை போட்டிருக்க என் மச்சான் அந்தப் படத்த பாத்துட்டு, பன்னி விரட்ட எனக்கும் ஒண்ணு சொல்லிவிடுங்கங்கிறாரு. இந்த காத்துத் துப்பாக்கில அடிச்சா பன்னிக்கு ஆத்திரம்தான் வரும், அதுபோக 1972 வன உயிரின சட்டப்படி அவருதான் ஜெயிலுக்குப் போவாரு. நெசமான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு ஆயுதச் சட்ட லைசென்ஸ் வேணும், அத இதோட போட்டு கொழப்பி விக்காதீங்க. மொதல்ல அந்தப் படத்த எடுங்க.

சோப்புத் தண்ணி போட்டு லீக்க நானே கண்டுபுடிச்சுட்டேன், வால்வுக்குப் பின்னாடி, காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம் ஓ-ரிங் உக்கார்ற காடி சரியா கடைஞ்சு விடல, பிசிறு ரிங்கக் கீறியிருக்கு. வீடியோவும் துரு போட்டோவும் இதோட வச்சிருக்கேன். ஒரு வருச வாரண்டின்னு பில்லுலயே அச்சடிச்சிருக்கீங்க. எனக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வால்வு பாடியும் மாத்திக் குடுங்க, இல்ல முழுப் பணத்த திருப்பிக் குடுங்க. பதினஞ்சு நாள் பாப்பேன், அதுக்கப்பறம் நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு போன் போட்டுட்டு ராமநாதபுரம் நுகர்வோர் கோர்ட்டுல மனு குடுத்துருவேன், அஞ்சு லட்சம் வரைக்கும் அங்க ஃபீஸே கெடையாது, விசாரிச்சுட்டேன்.

பாகத்த அனுப்புறதா இருந்தா ஓ-ரிங் சைஸ எழுதி அனுப்புங்க, நானே மாட்டிக்கிறேன், உங்க ஆளு வர வேணாம். போன் பண்ணுனா காலைல பத்து மணிக்கு மேல பண்ணுங்க, அதுக்கு முன்னாடி வள்ளம் கரை புடிக்கிற நேரம், கையெல்லாம் கிரீஸா இருக்கும்.