ஒரு கழிப்பறையைத் திறந்து விடுங்கள்: எங்கள் ஊர் வர்த்தக சங்கத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம்.

கடைவீதியில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். என்னை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் தேன்குழலும் மணகோலமும் மாவுருண்டையும் என் கடையிலிருந்துதான் வந்திருக்கின்றன. 18 வருடமாகச் சங்கத்தில் உறுப்பினர். ஒரு வருடம்கூடச் சந்தா பாக்கி வைத்ததில்லை.

ஆடி மாதம் நான் கொடுத்த மனு உங்களுக்கு நினைவிருக்கும். சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற மூன்று கழிப்பறைகளில் ஒன்றையாவது, கடைவீதியில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை திறந்து விடுங்கள் என்று கேட்டிருந்தேன். அதில் வேறொன்றும் கேட்கவில்லை. "செயற்குழுவில வைக்கிறோம்மா" என்று சொன்னீர்கள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று, தீபாவளியும் போயிற்று.

இப்போது பொதுவில் எழுதக் காரணம், தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நடந்தது.

என் கடையில் மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அதில் சின்னவளுக்குப் பத்தொன்பது வயது. கிராமத்திலிருந்து காலை எட்டு மணி பஸ்ஸில் வருவாள். அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். நாலு மணி வாக்கில் என் காதோரம் வந்து, "அக்கா, தலைக்குக் குளிக்கிற நாள் வந்துருச்சு, முன்னாடியே வந்துருச்சு" என்றாள். சங்கக் கட்டடம் பத்துக் கடை தள்ளித்தானே இருக்கிறது, என் பேரைச் சொல்லிக் கேள் என்று அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள். சாவி செயலாளரிடம் இருக்கிறது, மெம்பர்களுக்கு மட்டும்தான் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லி வைத்ததைத்தான் அவர் சொன்னார். அந்தப் பிள்ளை மாவு டின்களுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, ஷாலை எடுத்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். தீபாவளி கழிந்து நாலு நாள் வேலைக்கு வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினாள். வெட்கத்தில்தான் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீல நிற பாட்டில், ஒரு லிட்டர் பிடிக்கும். காலையில் வீட்டிலிருந்து நிறைத்துக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைப்பாள். ஒருநாள் ராத்திரி கடை எடுத்து வைக்கும்போது ஒதுக்கி வைக்கலாம் என்று தூக்கினேன். காலையில் இருந்த கனம் அப்படியே இருந்தது. "குடிச்சா போகணுமேக்கா" என்றாள். எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பிள்ளை, மதியம் சோற்றோடு இரண்டு மடக்குக் குடிப்பதோடு சரி. போன பங்குனியில் குளிரும் காய்ச்சலுமாகப் படுத்தாள். சிறுநீரில் கிருமி, தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்ததால் வந்தது என்றார் டாக்டர். பக்கத்துக் கடைகளில் விசாரித்தேன். வளையல் கடை, பாத்திரக் கடை, தையல் கடை, எங்கே கேட்டாலும் இதே கதை. பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. நானும் குடிப்பதில்லை. 18 வருடமாக அதைப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடையிலேயே ஒன்று கட்டிக்கொள்ளேன் என்று செயற்குழுவில் ஓர் அண்ணன் சொன்னதாகக் கேள்வி. எங்கள் வரிசைக் கடைகள் எட்டடிக்குப் பத்தடி என்பது அவருக்குத் தெரியாததல்ல. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீட்டின் வளவு. தொட்டி தோண்ட ஓரடி இடமில்லை. பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறைக்குப் போய்வர அரைமணி நேரம் ஆகிறது. அங்கே பெண்கள் பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நம் சங்கக் கழிப்பறைகள் எப்போது திறக்கின்றன? மாதக் கூட்டத்துக்குத் திறக்கின்றன. ஜிஎஸ்டி முகாமுக்குத் திறக்கின்றன. ஹாலை வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விடும்போது திறக்கின்றன. மற்ற நாளெல்லாம் பூட்டு. அந்தக் கட்டடத்துக்கு நன்கொடை திரட்டியபோது நானும் கொடுத்தேன், ரசீது இருக்கிறது. கடையடைப்பு என்று நீங்கள் சொன்னால் நாங்களும் ஷட்டரை இறக்குகிறோம். மே 5 வணிகர் தினத்துக்கு வேன் பிடித்தால் எங்கள் பங்கும் அதில் இருக்கிறது. அப்படியிருக்க, பத்துக் கடை தள்ளி இருக்கிற எங்களுக்கு அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை? ஒன்றைத் திறந்து விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அப்போது சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நானும் மூன்று ஸ்டூல் வாங்கிப் போட்டேன். அந்தச் சட்டம் நமக்கு முன்பே, 2018இல் கேரளத்தில் வந்தது. அங்கே அதற்காகப் போராடியவர்களில் முக்கியமானவர் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த பி. விஜி. அவர் தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு முதலில் கையில் எடுத்தது நாற்காலியை அல்ல, கழிப்பறையைத்தான். அந்தத் தெருக் கடைப் பெண்களும் எங்களைப் போலவே தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்தியவர்கள். அங்கே அவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. நம் ஊரில் கட்டடமும் இருக்கிறது, தண்ணீர்க் குழாயும் இருக்கிறது, பூட்டைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

வியாபாரக் கணக்காகவும் பாருங்கள். ஆன்லைனில் வாங்காதீர்கள், உள்ளூரில் வாங்குங்கள் என்று நோட்டீஸ் அடித்தோம். போன தையில் ஓர் ஆச்சி, மாசமாக இருக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு சாமான் வாங்க வந்தார்கள். சேலை, வளையல், பாத்திரம், பலகாரம் என்று நீளமான பட்டியல் கையில் இருந்தது. என் கடைக்கு வந்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" இல்லை என்று சொன்னேன். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்தப் பட்டியல் காரைக்குடிக்குப் போயிற்றோ மதுரைக்குப் போயிற்றோ, நம் கடைவீதிக்கு வரவில்லை. நோட்டீஸ் அடித்தால் மட்டும் வாடிக்கையாளர் வரமாட்டார்கள்.

இது செட்டிநாடு. வழிப்போக்கன் உட்காரவும் படுக்கவும் திண்ணை வைத்து வீடு கட்டிய ஊர்கள் இவை. மழைத் தண்ணீர் வீணாகாமல் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கடை நடத்தியவர்கள் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கி, கோயிலுக்கும் சத்திரத்துக்கும் தர்மத்துக்கும் கொடுத்தார்கள். பக்கத்துக் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948இல் நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். சங்க ஆண்டு விழாவில் ஒவ்வொரு வருடமும் இதையெல்லாம் மேடையில் பேசுகிறோம். கேட்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிரும். அன்றைக்கு அந்தப் பிள்ளை இடுப்பில் ஷாலைக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனபோது அந்தப் பேச்சுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

இன்னொன்றும் மனதில் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். தரைக்கடை, தள்ளுவண்டி வியாபாரிகளுக்காக 2014இல் வந்த மத்தியச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் உட்காரும் வியாபாரிப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது. நம் செயற்குழுவில் இன்றுவரை ஒரு பெண்கூட இருந்ததில்லை. ஒருவர் இருந்திருந்தால் என் மனு நாலு மாதம் ஃபைலில் கிடந்திருக்குமா? இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. கடைவீதியில் பாதிக் கடைகளில் இன்றைக்குப் பெண்கள்தான் நிற்கிறார்கள். அவர்கள் படுகிற பாட்டை அவர்கள் வாயால் கேட்க அந்த மேசையில் ஆள் இல்லை. அதைத் தனியாகப் பேசுவோம். இப்போதைக்கு என் கோரிக்கை கழிப்பறை ஒன்றுதான்.

யார் சுத்தம் செய்வது, தண்ணீருக்கும் கரண்டுக்கும் யார் கொடுப்பது என்று நீங்கள் யோசிப்பது நியாயம். அதற்கும் வழி சொல்கிறேன். சிறு கடைக்காரர்கள் 40 பேரிடம் பேசிவிட்டேன். கடைக்கு ஒரு நாளைக்கு 5 ரூபாய் என்று உண்டியலில் போட எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். மாதம் 6,000 ரூபாய் சேரும். காலையும் மாலையும் வந்து கழுவிவிட ஓர் அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்து, பினாயிலும் பல்பும் வாங்கலாம். குறைந்தால் நான் போடுகிறேன். சாவி என் கடையில் ஆணியில் தொங்கட்டும். காலையில் நான் திறக்கிறேன், ராத்திரி நானே பூட்டுகிறேன். ஒரு பொருள் குறைந்தாலும் என்னைக் கேளுங்கள். ஹாலில் விசேஷம் நடக்கிற நாளில் உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம்.

கார்த்திகை மாதக் கூட்டம் வருகிறது. தயவுசெய்து இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் நான் வந்து பேசுகிறேன். அந்தப் பிள்ளையைக் கூட்டிவர மாட்டேன். அவள் பட்டது போதும். தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட இதில் ஒன்றுமில்லை. மூன்றில் ஒரு கதவைத் திறந்து விடுங்கள். கூட்டம் முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சங்க வாசலில் வந்து நிற்பேன். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
பலகாரக் கடைக்காரி,
சங்க உறுப்பினர்