திகதிகள் போதும், கதையைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் எழுத்தாளர்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று போட்டிருந்தீர்கள். படங்களோடு நன்றாகவே இருந்தது, வெட்டி எடுத்தும் வைத்திருக்கிறேன். ஆனாலும் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று சின்னத் திருத்தம், மற்றது கொஞ்சம் மனத்தாங்கல்.

திருத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சி.வி. வேலுப்பிள்ளை ‘தேயிலைத் தோட்டத்திலே’ கவிதைகளைத் தமிழில் எழுதினார் என்று கட்டுரையில் இருக்கிறது. அவர் எழுதியது ஆங்கிலத்தில். சக்தி பால ஐயா அதைத் தமிழாக்கி 1969இல் நூலாக வந்த பிறகுதான் நம்மவர் கைக்கு அது கிடைத்தது. தேயிலைக்கு அடியில் புதைந்து போனவர்களைப் பற்றிய கவிதையை முதலில் ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான் வாசித்தார்கள். கொழுந்து பறித்தவர்களுக்கு அது கடைசியாக வந்து சேர்ந்தது. கட்டுரையாளர் இதைக் கவனித்திருந்தால் எழுத நிறைய இருந்திருக்கும்.

மலையக இலக்கியம் சி.வி.யோடு தொடங்கியது என்று கட்டுரை சொல்வதும் சரியில்லை. 1869இலேயே ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வந்துவிட்டது. அது தோட்டத் துரைமாரின் பக்கம் நின்று பாடியது என்பது வேறு கதை. போப்பிட்டியில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் கண்டி நகரத்தின் மேல் கலம்பகமே பாடியிருக்கிறார். அப்புறம் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர். துரைமார் உள்ளே விடாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து வந்து எழுதினார் என்பார்கள். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர்களுக்காகப் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் தானே பாடி, 1940இல் சிறு நூலாகவும் போட்டார். உங்கள் கட்டுரையில் பெண் ஒருவர் பேர்கூட இல்லை. மீனாட்சியம்மாள் இல்லை, ‘தூரத்துப் பச்சை’ நாவல் எழுதிய கோகிலம் சுப்பையாவும் இல்லை. இது மறதி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, மனத்தாங்கலுக்கு வருகிறேன்.

நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். சனிக்கிழமைகளில் பக்கத்துப் பிள்ளைகள் ஒப்படை எழுத வீட்டுக்கு வருவார்கள். கொஞ்ச நாளைக்கு முன் தரம் பத்தில் படிக்கும் பையன் ஒருவன் சி.வி.யைப் பற்றி ஒப்படை கொண்டுவந்தான். பிழை சொல்ல முடியாது. மடக்கும்புர தோட்டத்தில் 14.09.1914 பிறப்பு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் வென்ற ஏழு பேரில் ஒருவர், தலவாக்கலைத் தொகுதி. 19.11.1984 மறைவு. மேலே படம், சுற்றிலும் பச்சைப் பேனாவால் கொழுந்து வரைந்த ஓரம். “இவர் எழுதினதுல எதைப் படிச்ச?” என்று கேட்டேன். “ஒண்ணும் கிடைக்கல சேர்” என்றான். அவன் மேல் குற்றமில்லை. அவன் பள்ளிக்கூட நூலக அலுமாரியில் சி.வி. இல்லை. டவுனில் உள்ள கடைகளில் கைடு இருக்கிறது, கடந்தகால வினாத்தாள் இருக்கிறது, சி.வி. இல்லை. அவருக்கு வாக்குப் போட்ட ஊரில் நிலைமை இது.

நினைவு நாளும் பிறந்த நாளும் வரும்போதெல்லாம் நீங்களும் மற்றப் பத்திரிகைகளும் வாழ்க்கைக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள். கூட்டம் நடக்கிறது, பொன்னாடை போர்த்துகிறார்கள், மறுநாள் அந்தப் படமும் வருகிறது. அவர்கள் எழுதியது மட்டும் வருவதில்லை.

புத்தகங்கள் எங்கே போயின என்று பலர் கேட்கிறார்கள். முதலில், நிறைய அச்சடிக்கப்படவே இல்லை. என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதை 1961இல் பத்திரிகையில் வந்தது. அது தலைப்பாகிய தொகுதி வந்தது 1980இல். பத்தொன்பது வருஷம்! அதுவும் மு. நித்தியானந்தன் ‘வைகறை’ என்று ஒரு பதிப்பகம் தொடங்கி, தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’, ராமையாவின் தொகுதி, சி.வி.யின் ‘வீடற்றவன்’ என்று வரிசையாகப் போட்டதால் நடந்தது. அச்சான கொஞ்சமும் 77, 83 இனக்கலவரங்களில் வீடுகளோடு எரிந்தது. தோட்டத் தமிழரில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்பச் செய்துகொண்ட ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போனவர்களின் தகரப் பெட்டிகளில் கொஞ்சம் இந்தியாவுக்குப் போயிருக்கும். மீதி இரவல் போயிற்று. என்னுடைய ‘நாமிருக்கும் நாடே’ 1994இல் இரவல் போனது. வாங்கிப் போனவர் இன்றும் தெருவில் கண்டால் சிரிக்கிறார், புத்தகத்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை. நூலகம் நிறுவனத்தார் பழைய நூல்களை ஸ்கேன் பண்ணி இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள், அவர்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஆனால் எங்கள் மலையில் டேட்டா போட்டு, சின்னப் போனில் அந்தப் பக்கங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசிக்கும் பொறுமை பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எங்கே வரும்?

ஒப்படை கொண்டுவந்த அந்தப் பையனை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. ‘ஒரு கூடைக் கொழுந்து’ மட்டும் என்னிடம் இருக்கிறது, முதுகில் பிளாஸ்டர் ஒட்டியது. வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சத்தமாக வாசித்தேன். பேரனோடு வந்திருந்த அவனுடைய பாட்டி திண்ணைக் கட்டையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் மலையில் கொழுந்தெடுத்தவர், எழுத்து வாசனை இல்லை. கதையில் ஒரு பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொழுந்து பறித்துவிடுவதும், அதனால் அவள் மேல் சந்தேகம் வருவதும் வந்தபோது பாட்டியின் கை நின்றுவிட்டது.

“ஈரக் கொழுந்தா, காஞ்ச கொழுந்தா?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. “தண்ணிக்குக் கழிச்சாங்களா இல்லையா? அதச் சொல்லாம எத்தன ராத்தல்னா என்னா அர்த்தம்? கூடைக்கும் சேத்துல்ல கழிப்பானுங்க” என்றார். பையன் அந்தப் பக்கத்திலிருந்து, “ராத்தல்னா என்ன சேர்?” என்றான். அவன் பிறந்தபோதே எல்லாம் கிலோ. பிறகு பாட்டி அவனுக்கு ராத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், தராசில் பெருவிரலை வைத்து அமுக்கிய ஒரு கணக்கப்பிள்ளையின் கதையையும் சொன்னார். ராமையாவின் கதையை முடிக்க எனக்குப் பின்னேரமாகிவிட்டது. நாற்பது வருஷமாக அந்தக் கதையைப் படிப்பித்தும் வாசித்தும் வருகிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

இன்னொன்று. உங்கள் கட்டுரை மலையக எழுத்தை ‘கண்ணீர் இலக்கியம்’ என்கிறது. எழுத்தை வாசிக்காமல் வாழ்க்கைக் குறிப்பை மட்டும் வாசித்தால் அப்படித்தான் தெரியும். ராமையாவின் அந்தப் பெண் ஓரமாக உட்கார்ந்து அழுகிறவள் அல்ல, ரோஷக்காரி. சி.வி. தேடித் தொகுத்து வைத்த மக்கள் பாடல்களில் கங்காணியையும் துரையையும் பெண்கள் நையாண்டி பண்ணுவதைப் படித்தால் வயிறு வலிக்கும். தெளிவத்தையார், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் ஒற்றை அறையான காம்பிரா ஒன்றில் அப்பா, அம்மா, வயதுக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் படுத்தெழும்புவதால் வரும் இக்கட்டை ‘மீன்கள்’ கதையில் எழுதினார். அதில் கண்ணீரைவிடக் கூச்சம்தான் அதிகம். வாசிக்கிற நமக்கே முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும். தோட்டத் தொழிலாளியாகவே இருந்து எழுதியும் படம் வரைந்தும் போன மல்லிகை சி. குமார் தன் கவிதை நூலுக்கு ‘மாடும் வீடும்’ என்று பேர் வைத்தார். அந்தத் தலைப்பில் அழுகையா இருக்கிறது? குத்தல்தான் இருக்கிறது. துக்கம் இல்லை என்று சொல்ல வரவில்லை. வாக்குரிமையே பறிபோன ஜனங்களிடம் துக்கம் இல்லாமல் இருக்குமா? சி.வி. 47இல் பாராளுமன்றம் போனார். அடுத்த வருஷமே தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 52 தேர்தலில் அவருக்கு வாக்குப் போட்ட ஜனங்களின் பேரே வாக்காளர் இடாப்பில் இல்லை. ‘வீடற்றவன்’, ‘நாடற்றவர் கதை’ என்று அவர் பேர் வைத்ததெல்லாம் சோடனைக்கு அல்ல.

ஆகவே என் வேண்டுகோள் பெரிதல்ல. வருகிற செப்டெம்பர் 14ஆம் திகதி வாரத்தில் சி.வி. எங்கே பிறந்தார், எப்போது இறந்தார் என்று போட வேண்டாம், அது பையன்களின் ஒப்படையிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் அவருடைய ஒரு கவிதையை, இல்லாவிட்டால் நாவலில் ஓர் அத்தியாயத்தைப் போடுங்கள். அக்டோபர் 21 தெளிவத்தையாரின் நினைவு நாள், அன்றைக்கு ஒரு முழுக் கதை. வெட்டிச் சுருக்கியோ ‘தொடரும்’ போட்டோ வேண்டாம். உரிமை உள்ள குடும்பத்தாரிடம் முறையாக அனுமதி கேட்டு, சிறு தொகையாவது கொடுத்துப் போட வேண்டும். விளம்பரம் வரும் கடைசிப் பக்கத்தில் அரைப்பக்கம் போனால் நட்டம்தான், தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் ஞாயிறு பத்திரிகை ஒரு வீட்டில் வாங்கினால் நாலு காம்பிரா சுற்றி வரும், பிறகு அலுமாரித் தட்டில் விரிப்பாகவும் கிடக்கும். தட்டைத் துடைக்கிற நேரத்திலும் யாராவது நாலு வரி வாசிப்பார்கள்.

ராமையாவின் கதையைப் போட விரும்பினால் என் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன். பிரதி எடுத்துக்கொண்டு அதே வாரம் திருப்பி அனுப்பிவிட வேண்டும். 1994 அனுபவத்துக்குப் பிறகு இதை எழுத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தலவாக்கலை